மூலை சரியில்லை

இன்னும் பிறக்காத என் மகளுக்கு,

நீ என் வயதைத் தாண்டிய பிறகுதான் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். எனக்கு இப்போது பதினேழு. பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்து ஒரு மாதம் ஆகிறது. வருகிற புதன்கிழமை எனக்குக் கல்யாணம். தங்கை தூங்கிவிட்டாள். பெரியம்மா கூடத்தில் படுத்திருக்கிறாள். அவள் புரளும் சத்தம் கேட்டால் விளக்கை ஊதிவிடுவேன். அதனால் எழுத்து நடுவில் எங்காவது கோணியிருந்தால் பொறுத்துக்கொள். சரித்திர நோட்டின் பின்பக்கத் தாள்களில் எழுதுகிறேன். அந்த நோட்டை இனி யாரும் திறக்கப் போவதில்லை. நீ மகனாகவும் பிறக்கலாம். ஆனால் மகள் என்று நினைத்தால்தான் எனக்கு எழுத வருகிறது.

என் அம்மா எனக்கு எதையும் எழுதிவைக்கவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, தங்கை பிறந்த அன்றே அவள் போய்விட்டாள். எங்களை வளர்த்தது அம்மாவின் அக்காதான். அம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். "உங்கம்மாளா? பாவம், ரொம்பக் கூச்சம் அவளுக்கு. கெணத்தாண்ட யாரும் இல்லாத நேரமாப் பாத்துத்தான் தண்ணிக்கு வருவா." இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை இருக்கும். நல்ல பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றுக்குப் போனவளுக்கு என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்கு இது வந்தபோது, உலகத்தில் எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று நினைத்திருக்க மாட்டேன். உனக்கு அந்த நினைப்பு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். இதைப் படித்து உனக்கு நல்லது நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில் வந்தது. முதலில் பயமாகத்தான் வந்தது. நல்லம்பள்ளிச் சந்தையில் பெரியம்மாவோடு போகும்போது, எல்லோரும் என் முதுகைப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். திரும்பிப் பார்த்தால் அவரவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். பிறகு குரல்கள் வந்தன. இரண்டு பெண்கள். எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். என்னிடம் பேசமாட்டார்கள், என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். "எந்திரிக்கறா பாரு." "எந்திரிச்சு எங்க போவப்போறா?" "தாவணியப் பாரு, தலப்பப் பாரு, அழுக்கு." சோற்றை வாயில் வைக்கும்போது "வெக்கறா" என்பார்கள். விழுங்கும்போது "முழுங்கறா" என்பார்கள். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அவர்களுக்கும் அது கேட்டுவிட்டது என்று நினைப்பேன். அதனால் நான் ஆட்களைவிட்டு விலகினேன். ஆட்கள் இல்லாத இடத்தில் பயம் குறைந்தது. ஆனால் ஆட்கள் இல்லாத இடத்தில் அந்த இரண்டு பேரும்தான் எனக்கு மிச்சம். இதை முதலிலேயே உனக்குச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருப்பது மருந்துபோலத்தான் ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் அதுவே நோயாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைச் சுவர் மூலை என்னுடைய இடம். பின்னால் யாரும் உட்கார முடியாது என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் விஞ்ஞான டீச்சர் பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது என் தாளை உரக்கப் படித்தார். மூளை என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் மூலை என்று எழுதியிருந்தேன். 'மனித உடலின் மிக முக்கியமான உறுப்பு மூலை.' எங்கள் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான், காதுக்கும் ஒன்றுதான். "ஏம்மா, உன் தலைக்குள்ள எத்தினி மூலை இருக்குது? நாலா?" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று மத்தியானம் எல்லோரும் புளியமரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள், நான் போகவில்லை. கமலா தூக்குப்போசியோடு திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். எங்கள் நிலத்துக்கு மூன்று நிலம் தள்ளி அவர்கள் வீடு. அதுவரை அவளோடு நான் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

"நவுந்து உக்காருடி. உன் மூலையில எனக்கும் கொஞ்சம் எடம் குடு."

நகர்ந்தேன். அவள் களியைப் பிட்டு எனக்கும் கொடுத்தாள். அதற்குப் பிறகு அது எங்கள் வார்த்தையாகிவிட்டது. காலையில் வழியில் பார்த்ததும் "இன்னிக்கு மூலை எப்படி?" என்று கேட்பாள். "சரியில்ல" என்பேன். "அப்பச் சரி. நீ பேசாத வா, நான் பேசறேன்" என்று சொல்லி, அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது, அவள் அண்ணன் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போய்ச் சாணிக்குழியில் விழுந்தது எல்லாம் பள்ளிக்கூடம் வரை சொல்லிக்கொண்டு வருவாள். குரல்களைப் பற்றி அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் பயப்படவில்லை. "ரெண்டு பேரா? பேரு இன்னா அவங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "பேரு வெக்காம வுட்டா இப்படித்தான் திமிரு பண்ணுவாங்க" என்று சொல்லி, ஒருத்திக்குப் பூசணி, இன்னொருத்திக்குப் புடலை என்று பெயர் வைத்தாள். நான் சிரித்தேன். சிரிக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் பேசவில்லை. அதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த சில உபாயங்களை உனக்குச் சொல்கிறேன். கூட்டமான இடத்துக்குப் போனால் கையில் குடமோ கூடையோ எடுத்துக்கொண்டு போ. சுமையோடு போகிறவளை யாரும் நிறுத்திப் பேசமாட்டார்கள். கோயிலில் தூண் பக்கமாக உட்கார். குரல்களுக்குப் பதில் சொல்லாதே, சொன்னால் அவர்களுக்குத் தைரியம் வந்துவிடும். பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல். மற்ற வாய்ப்பாடுகள் தானாக வந்துவிடும், பதினேழு மட்டும் யோசித்தால்தான் வரும். இவை எல்லாம் அரைமணி நேரத்துக்கு உதவும். அதற்கு மேல் உதவியது ஒன்றே ஒன்றுதான், பக்கத்தில் கமலா இருந்தது. அதைத்தான் நான் கெடுத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பில் புடலையின் குரல் மெல்ல மெல்ல கமலாவின் குரலாக மாறியது. ஒரு நாள் வகுப்பில் என் காதுக்குப் பக்கத்தில் "இவ அம்மாளும் பைத்தியம்தான்" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கமலா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசையவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும், மகளே. தெரிந்தும் எழுந்து நின்றேன். நாற்பது பேர் பார்க்க, கால் நடுங்காமல், "டீச்சர், கமலா எங்கம்மாவைப் பைத்தியம்ங்கறா" என்றேன். என் வாழ்க்கையில் பத்துப்பேர் முன்னால் எழுந்து நின்று பேசியது அந்த ஒரு முறைதான். அதுவும் பொய். டீச்சர் பிரம்பால் அடித்து, அவளை வெயிலில் முட்டிபோட வைத்தார். கமலா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொன்னது பொய் என்று காட்ட, அவள் என் குரல்களைப் பற்றிச் சொல்லியிருந்தாலே போதும். அவள் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "படிச்சது போதும், வூட்டு வேலையப் பாரு" என்று அவள் அப்பா நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நான் அவர்கள் வீட்டு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அந்த வருடம்தான் அப்பா என்னைச் சேலத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நல்லவர். "ஆள் இல்லாம சத்தம் ஏதாவது கேக்குதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்லீங்க" என்றேன். ஆனாலும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட இரண்டு மாதமும் குரல்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதுபோல இருந்தது. நாக்கு மட்டும் தடித்துக்கொண்டது, பகலிலும் தூக்கம் வந்தது. "கல்யாணம் ஆவப்போற புள்ள இப்படி எந்நேரமும் தூங்கி விழுந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்று பெரியம்மா நிறுத்திவிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டுச் சேலத்திலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் அப்பா எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். தொப்பூர் மலையில் பஸ் ஏறும்போது, "கண்ணு, இதெல்லாம் யாருகிட்டயும் சொல்லாத. தங்கச்சி ஒருத்தி இருக்கறா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் உனக்குக் கோபம் வரக்கூடாது. அவருக்கு இரண்டு பெண்கள். ஒருத்தியை மறைத்தால்தான் இன்னொருத்தியைக் கரையேற்ற முடியும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பரீட்சை முடிந்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். பென்னாகரத்துப் பக்கம் நம்மைப்போலக் கத்தோலிக்கச் சபைக்காரர்கள், நிலம் வைத்திருக்கிறவர்கள். உன் அப்பாவாகப் போகிறவர் தருமபுரியில் ஒரு மில்லில் மெக்கானிக். காப்பித் தட்டைக் கொண்டுபோனபோது என் கை நடுங்கி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. "தட்டக் கொட்டப்போறா" என்றாள் பூசணி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் எழுந்து தட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, "கூச்சமா?" என்று கேட்டார். சிரித்த முகம். அந்த முகத்துக்கு நான் உண்மை சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன். ஆமாம், கூச்சம்தான் என்று தலையாட்டினேன். அவர் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்தக் காலத்துல எந்தப் பொண்ணுங்க இப்படி இருக்குது? டவுன்ல பாத்த பொண்ணு எங்களையே நாலு கேள்வி கேட்டுச்சுங்க. எங்களுக்கு இதான் வேணும்." என் நோய்க்கு அவர்கள் பூ வைத்துவிட்டுப் போனார்கள். நான் செய்த தப்புகளில் பெரியது எது என்று கேட்டால், கமலாவுக்குச் செய்ததற்கு அடுத்ததாக அந்தத் தலையாட்டலைத்தான் சொல்வேன்.

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் இரண்டு பேரின் பெயரையும் வாசிப்பார். இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், மறைப்பது பாவம் என்பார். ஊருக்கு என்னைப் பற்றித் தெரியும். சந்தையில் நான் தனியாக முணுமுணுத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நான் மயங்கி விழுந்தபோது தண்ணீர் தெளித்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று இருந்தேன். முதல் ஓலை வாசித்தார். யாரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பெண்கள் என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். அவர்கள் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். அப்பாவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். ஊர் முழுக்கச் சேர்ந்து என்மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது.

இரண்டாம் ஓலைக்கு முந்தின நாள், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திரைக்கு அப்பால் சாமியாரின் மூச்சு மட்டும் கேட்டது. "சாமி, எனக்கு ஒரு தடை இருக்குதுங்க" என்றேன்.

"என்ன தடை? வேற யாரையாச்சும் மனசுல நினைச்சிருக்கியா?"

"இல்லீங்க சாமி."

"பயப்படாம சொல்லு."

சொல்ல வாய் திறந்தேன். அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. டாக்டர் பெயர் எதுவும் சொல்லவில்லை. பைத்தியம் என்ற வார்த்தை தொண்டைக்கு வந்து நின்றுகொண்டது. கடைசியில் என் வாயில் வந்தது எல்லோரும் என் வாயில் வைத்த வார்த்தைதான். "எனக்கு... கூச்சங்க சாமி."

சாமியார் மெல்லச் சிரித்தார். "கூச்சம் தடையில்ல கண்ணு. பொம்பளப் புள்ளைக்கு அது நகை. போய் மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு." அவர்மேல் தப்பில்லை. நான் சொன்னதற்குத்தான் அவர் பதில் சொன்னார்.

பேச வராது என்று தெரிந்துவிட்டது. எழுதத்தான் வரும். போன வெள்ளிக்கிழமை ஒரு சீட்டில் இடது கையால் எழுதினேன். மூன்றாம் ஓலைக்கு இரண்டே நாள் இருந்தது. பெயரை எழுதி, 'பெண்ணுக்கு மூலை சரியில்லை. கல்யாணத்தை நிறுத்தவும்' என்று எழுதினேன். எழுத்துப்பிழை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகச் சரியாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த இடத்தில் எனக்கு வேறு எந்த வார்த்தையும் உண்மையாகப் படவில்லை. அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், வேண்டுதல் சீட்டுகள் போடுகிற மன்றாட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

நேற்றுச் சாயங்காலம், சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் அந்தச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். சாமியார் விசாரித்துவரச் சொன்னாராம். அப்பா அதை வாங்கிப் படித்தார். "யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவங்க எழுதினதுங்க" என்றார். "அதுவும் எழுத்தப் பாருங்க. மூளைன்னுகூட எழுதத் தெரியல. எம்பொண்ணு பதினோராவது படிச்சவ." பெரியம்மா உடனே, "வேற யாரு? அந்தக் கமலாதான். இவ சொல்லி அன்னிக்கு அடி வாங்கினா இல்ல, அந்த ஆத்திரம். பாதியில படிப்ப வுட்டவ" என்றாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் வாடி. உம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

கமலா வாசலில் அவள் அம்மாவோடு புளி தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். உயரமாகிவிட்டாள். உபதேசியார் சீட்டை நீட்டி, "இது நீ எழுதினதாம்மா?" என்றார். அவள் பிசுபிசுத்த விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். அவ்வளவு சின்னச் சீட்டை அவ்வளவு நேரம் படிக்க வேண்டியதில்லை. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இன்றைக்கு மூலை எப்படி என்று கேட்கிற பார்வை. இந்த உலகத்தில் அந்தச் சீட்டை யார் எழுதினார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அவள். நான் வாய் திறக்க ஒரு நிமிஷம் கொடுத்தாள். பூசணியும் புடலையும்கூடப் பேசாமல் காத்திருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்க," என்றாள் கமலா. "நான்தான் எழுதினேன்."

"எதுக்கும்மா இப்படி?"

"அன்னிக்கு அடி வாங்க வெச்சாளே. அதுக்குத்தான்."

அவள் அம்மா கையில் இருந்த புளிக்குச்சியாலேயே அவள் முதுகில் போட்டாள். "ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணு போடறியா, மூதேவி!" கமலா திமிறவில்லை. அடி விழும்போதே என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நீ பேசாத, நான் பேசறேன் என்பதுபோல. எழுதியது நான் என்று தெரிந்தால் என்னை வீட்டில் அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்த அடியிலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டாள். அந்தச் சீட்டுதான் எனக்குக் கடைசி வழி என்று அவளுக்குத் தெரியாது. உபதேசியார் சீட்டைக் கிழித்து அங்கேயே போட்டார். புளியங்கொட்டையோடு கலந்துபோயிற்று.

இன்று காலை மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தினார். நான் எழுந்தேன், மகளே. நிஜமாகவே எழுந்தேன். பாயிலிருந்து முழங்கால் வரை எழுந்துவிட்டேன். பெரியம்மா தாவணியைப் பிடித்து இழுத்து, "இன்னாடி, மயக்கமா?" என்றாள். பின்னால் யாரோ ஒருத்தி, "பொண்ணுக்கு இப்பவே அவசரத்தப் பாரு" என்றாள். பெண்கள் பக்கம் முழுக்க வாயைப் பொத்திச் சிரித்தது. "எந்திரிச்சா" என்றாள் பூசணி. "உக்காந்துட்டா" என்றாள் புடலை. சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

புதன்கிழமைக்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சிரித்த முகத்தோடு தட்டைப் பிடித்த அந்த மனிதர் எத்தனை நாள் சிரிப்பார் என்றும் தெரியாது. கல்யாணத்தால் இது சரியாகும் என்று நான் ஒரு நாளும் நம்பவில்லை. நான் ஆட்களைக் கண்டு பயப்படுகிறவளாக, அடுப்படியிலேயே இருக்கிற அம்மாவாக, உன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறைகூட வராத அம்மாவாக இருந்திருப்பேன். உனக்கு என்மேல் கோபம் இருக்கும். அம்மாவுக்குக் கூச்சம் என்று உனக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது கூச்சம் இல்லை. உனக்கும் இது வந்தால் அந்த வார்த்தைக்கு மட்டும் தலையாட்டாதே. டாக்டர் கேட்டால் கேட்கிறது என்று சொல், அப்பா பக்கத்தில் நின்றாலும் சொல். மாத்திரையை யார் பிடுங்கினாலும் விடாதே. இதற்கு ஒரு பெயர் கட்டாயம் இருக்கும். உன் காலத்தில் அது நம் ஊர் வரைக்கும் வந்திருக்கும். அதைச் சரியான எழுத்தில் எழுதக் கற்றுக்கொள். உன் ஓலை வாசிக்கும்போது நான் எழுந்து நின்று சொல்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க ஆசைதான். இன்று காலை எழுந்த உயரம்தான் என் உயரம். அதனால் கொடுக்கவில்லை.

இந்தத் தாள்களைப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே வைக்கப் போகிறேன். நீ படிக்கிறாய் என்றால் நான் இதை எரிக்கவில்லை என்று அர்த்தம். நான் செய்த தைரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும். உன்னால் முடிந்தால் ஒரே ஒரு வேலை செய். எங்கள் நிலத்துக்கு மூன்று நிலம் தள்ளி, கமலா என்று கேட்டுப் போ. அவளை எங்கே கட்டிக்கொடுத்திருந்தாலும் விசாரித்துப் போ. நீ யார் என்று சொல்ல வேண்டாம். என் அம்மாவுக்கு மூலை சரியில்லை என்று மட்டும் சொல். அவளுக்குப் புரியும். அவளுக்கு விட்ட இடத்தில் நான் இன்றுவரை யாரையும் உட்கார வைக்கவில்லை என்றும் சொல்லிவிடு.